இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

தண்ணீர்த் தொட்டிக்கு வெல்டிங் வைக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து என் அண்ணன் கெங்ஷெங் செத்துப்போனான். அவன் மகள் யாச்சின் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத அப்போது முப்பத்தெட்டு நாள்தான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்குப் பிள்ளை இருக்கும் வீட்டில் சாவு விழுந்தால், கடைசித் தாள் முடியும்வரை அந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. ஊரே வாயை மூடிக்கொள்ளும். இது நியாயமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எரித்துவிட்டு வந்த கையோடு அண்ணி சுயிலான் சொன்னாள்: "தம்பி, இனிமே அட்டைய நீதான் எழுதணும்."

யாச்சின் விடுதியில் தங்கிப் படித்தாள். கைபேசி கூடாது, பெற்றவர்கள் உள்ளே போகவும் கூடாது. மதியத்தில் மட்டும் வேலிக் கம்பி வழியாகச் சோற்றுத் தூக்கை நீட்டலாம். அண்ணன் தூக்கு மூடிக்குள் தினமும் ஓர் அட்டை வைப்பான். அதில் பத்து ஆங்கிலச் சொற்கள், பக்கத்தில் சீனத்தில் பொருள், கீழே சொல்லுக்கொரு வாக்கியம், அதற்கும் சீனத்தில் மொழிபெயர்ப்பு, மூலையில் எண். எட்டாம் வகுப்போடு நின்றவன், மகளுக்காக அவள் புத்தகத்தையே இன்னொன்று வாங்கிப் படித்தான். ஆனால் புத்தகத்து வாக்கியங்கள் அவனுக்குப் பிடிக்காது. யாரோ ஊர்பேர் தெரியாதவன் கதை என்பான். 'பிடிவாதம்' என்ற சொல் வந்தால், 'உன் அம்மா மூட்டுக்குத் தைலம் போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்' என்று எழுதுவான். மறுநாள் அந்த அட்டை சிவப்பு மையில் திருத்தப்பட்டு, காலித் தூக்கோடு திரும்பி வரும்.

கடைப் பலகை எழுதுவது என் தொழில். யாருடைய எழுத்தையும் அச்சு அசலாகப் போட்டுவிடுவேன், பொருள் தெரியாவிட்டாலும். ஆனால் ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வரி எனக்கு வராது. அதனால் புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன். எங்கோ லண்டனில் டாம் என்பவன் குடை வாங்கினான், அவன் மனைவி ரயிலைத் தவறவிட்டாள், இப்படி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை அண்ணனின் சட்டைப் பையில் கிடைத்தது. ஏழு வாக்கியம் முடித்திருந்தான். மூன்று காலி. ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அதை எப்படி அனுப்புவேன்? பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இருநூற்றுப் பதிமூன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம், "அப்பா கால ஒடிச்சுக்கிட்டாரும்மா. நகரத்து ஆஸ்பத்திரில இருக்காரு. படுத்துக்கிட்டே எழுதிக் குடுத்துவிடுறாரு" என்றேன்.

"ரொம்ப வலிக்குதாமா?"

"இப்ப வலி இல்ல."

அவள் தூக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

துக்கத்துக்குக் கையில் கட்டிய கறுப்புத் துணியைத் தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் தினமும் போவேன். ஒரு நாள் துணியைக் கழற்றியவன் ஊக்கை விட்டுவிட்டேன். அவள் கம்பிக்குள் கையை விட்டு அதை என் சட்டையிலிருந்து எடுத்து மூடி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"குத்திடப் போவுது சித்தப்பா."

"பலகை கட்டுறதுக்கு வச்சிருந்தது."

"ம்" என்றாள். பிறகு, "அப்பா இப்பல்லாம் தப்பே விடுறதில்ல" என்றாள்.

"படுத்தே கெடக்காருல்ல. யோசிக்க நேரம் இருக்கு."

தப்பித்தோம் என்று நினைத்து வீடு வந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

தேர்வன்று தாய்மார்கள் சிவப்பு உடுத்திப் பள்ளி வாசலில் நிற்பார்கள், பிள்ளைக்கு வெற்றி கிடைக்கும் என்று. அண்ணி மட்டும் வெள்ளையில் நின்றால் விஷயம் உடைந்துவிடும். புருஷன் செத்து நாற்பது நாள் ஆகவில்லை, வாடகைக்கு ஒரு சிவப்புப் பட்டு அங்கி எடுத்து உடுத்திக்கொண்டாள். "உங்க அண்ணன் என்னைப் பாத்தா என்ன நெனப்பாரு?" என்று என்னிடம் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "நெறம் உங்களுக்கு எடுப்பா இருக்கு அக்கா" என்றாள். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

கடைசித் தேர்வு ஆங்கிலம். முடிந்து எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். யாச்சின் மெதுவாக நடந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். தன் வெள்ளைச் சீருடை மேல்சட்டையைக் கழற்றி அம்மாவின் தோளில் போர்த்தி, சிவப்பு தெரியாதபடி கழுத்துவரை பொத்தான் போட்டாள்.

"போதும்மா. நீ இனி இத உடுத்த வேணாம்."

அண்ணி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். யாச்சின் என் பக்கம் திரும்பினாள்.

"இருநூத்திப் பன்னெண்டு எங்க சித்தப்பா?"

"எப்பலேருந்தும்மா தெரியும்?"

"பதிமூணு வந்த அன்னிக்கே. அப்பா ஒரு நாளும் நம்பர் விட்டதில்ல. டாம் கதையும் எழுதினதில்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அம்மா தாங்கமாட்டா. பரீட்ச முடியட்டும்னு இருந்தேன்."

நாங்கள் அவளுக்குச் செய்ததை அவள் எங்களுக்குச் செய்திருக்கிறாள்.

"அழவேயில்லயாம்மா நீ?"

"காலைல வகுப்புல அம்பது பேரும் எந்திரிச்சு நின்னு சத்தமா வார்த்தை படிப்போம்ல. அப்ப அழுதா யாருக்கும் கேக்காது. தெனமும் நாப்பது நிமிஷம் கெடைக்கும்."

அவளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அன்று மாலையே அண்ணனின் சாம்பலைப் புதைத்த கல்லறைக்குப் போய், செத்தவருக்குப் போய்ச் சேரும் என்று எரிக்கும் காகிதத்துக்கு நெருப்பு மூட்டினோம். அட்டையைக் கொடுத்தேன். மண்டியிட்டு, சிவப்புப் பேனாவால் ஏழு வாக்கியங்களையும் திருத்தினாள். இரண்டில் தப்பு இருந்தது. பிறகு காலியாக இருந்த மூன்றையும் தானே எழுதி முடித்தாள். எனக்கு அந்த எழுத்தைப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. கீழே சீனத்தில் ஒன்றுமே இல்லை.

"மொழிபெயர்ப்பு எழுதலயேம்மா?"

"அப்பாவுக்குப் புரியும்" என்று சொல்லி, அட்டையை நெருப்பில் வைத்தாள்.