பூஜைக்கு வைத்த லேப்டாப்

விஜயதசமி காலை ஒன்பது மணிக்குப் பூஜைக்கு வைத்ததையெல்லாம் எடுத்தார்கள். கொல்லம் தீபாங்குரம் நாடகக் குழுவின் ஒப்பனைப் பெட்டி, திரைக் கயிறு, ஆர்மோனியம், இரண்டு மரவாள் என்று ஒவ்வொன்றாக சரஸ்வதி படத்தின் முன்னாலிருந்து எடுத்து, அவரவர் கையில் கொடுத்தார் முதலாளி ராமபத்ரன். சசாங்கன் தன் லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மூடியில் சந்தனப் பொட்டு, எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே நாலைந்து பொரி. ஊதித் தள்ளிவிட்டு பட்டனை அமுக்கினான்.

திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று எழுத்து வந்து, முப்பது சதவீதம் வரை ஏறியது. அப்புறம் திரை கறுத்துப்போய், மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள், மறுபடி முப்பது.

ஆறாவது தடவையும் அதே கதைதான். சசாங்கனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குழுவுக்கு இடி இடிப்பவனும் மழை பெய்விப்பவனும் அவன்தான். அன்று சாயங்காலம் ஆறரைக்கு சவறையில் ஒரு கோயில் மைதானத்தில் புது நாடகத்தின் முதல் மேடை. அதற்கு வேண்டிய அறுபத்திநாலு சத்தமும் பாட்டும் இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. அஷ்டமியன்று சாயங்காலம்தான் கடைசி வெட்டு ஒட்டு வேலை முடிந்தது. பென் டிரைவில் ஏற்றுவதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது. வைத்தபின் தசமி வரை ஒரு பேனாவைக்கூட யாரும் தொடக்கூடாது. ஒரு மாதமாக அப்டேட் கேட்டு அந்த லேப்டாப் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கப்போகிற நேரத்தில் அந்த வேலையாவது முடியட்டும் என்று அதைத் தட்டிவிட்டு, சார்ஜரைச் சொருகி, மூடினால் தூங்கிவிடுமென்று மூடாமல், மேலே பட்டுத்துணியைப் போர்த்திவிட்டு வந்தான். இதில் எங்கே பிசகினான்? அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

"சார்ஜர் சொருகினியாடா, இல்ல சொருகினதா நெனச்சியா?" என்றான் குழுவுக்கு லைட் போடும் ஸ்டான்லி.

"காலையில எடுக்கும்போதும் சொருகித்தான் இருந்துச்சு. நீயும்தானே பாத்தே?"

ராமபத்ரன் வந்து எட்டிப் பார்த்தார். மனிதர் மேடையில் ராஜா வேஷம் கட்டுவார். கீழே இறங்கிய பிறகும் அதைக் கழற்ற மாட்டார்.

"கருநாகப்பள்ளி அனீஷ் சொந்த மெஷினோட தயாரா நிக்கிறான் சசி. இன்னைக்குச் சத்தம் வரலேன்னா நாளையிலேர்ந்து அவன்தான். மனசுல வெச்சுக்கோ."

இந்த வேலையை விட்டால் சசாங்கனுக்கு வேறு எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் கடை ரஜிமோளுக்குப் போன் போட்டான்.

"கடை இன்னைக்குப் பூட்டு அண்ணா. பையனுக்கு முதலெழுத்து எழுதிவைக்கக் கோயில் வரிசையில நிக்கிறேன். முன்னால எரநூறு குழந்தை. எல்லாம் அழுவுது. மத்தியானம் கூப்பிடுறேன்."

மத்தியானம் மூன்றரைக்கு அவள் கூப்பிட்டபோது குழு மைதானத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேசையில் லேப்டாப் இன்னும் முப்பதைத் தொட்டுத் தொட்டு விழுந்துகொண்டிருந்தது. சசாங்கன் போனை ஸ்பீக்கரில் போட்டான். பக்கத்தில் ராமபத்ரன் பால் ஊற்றாத கட்டன் சாயா குடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, அப்டேட் ஓடும்போது யாராவது பாதியில ஆஃப் பண்ணீங்களா?"

"இல்ல மோளே."

"பண்ணாம இப்படி ஆகாதே."

"பூஜையில இருக்கிறத எவன் தொடுவான்? சாமி சத்தியமா யாரும் தொடல."

ராமபத்ரன் பாதி சாயாவைத் தரையில் ஊற்றிவிட்டு மேடைக்குப் பின்னால் போய்விட்டார். கோபமாகப் போகிறார் என்று சசாங்கன் நினைத்தான்.

"சரி, இப்ப சின்னம் வந்ததும் பட்டனை அமுக்கிப் பிடிங்க. அணையுற வரைக்கும் விடாதீங்க. இதே மாதிரி மூணு தடவை."

"அணைக்காதேன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கும்."

"பாதியில அணைச்சாத்தான் இப்படி ஆகும்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"இப்ப நீயே அணைன்னு சொல்றே."

"ஆமா அண்ணா. மூணு தடவை முகத்துல தண்ணி அடிச்சாத்தான் தனக்கு உடம்பு சரியில்லேன்னு அது ஒத்துக்கும்."

"நம்ம முதலாளி மாதிரின்னு சொல்லு" என்றான் ஸ்டான்லி.

சசாங்கனுக்குச் சிரிப்பு வரவில்லை. எதைச் செய்யாதே என்கிறதோ அதையே செய் என்றால் மனுஷன் எதைத்தான் நம்புவான்? விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அறுபத்திநாலு சத்தமும் ஒரே அமுக்கில் போய்விட்டால் என்ன செய்வது? ரஜிமோள் இரண்டு தடவை "அமுக்குங்க" என்ற பிறகுதான் அமுக்கினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை கை வேர்த்து விரல் வழுக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் புள்ளிகளுக்குப் பதில் நீலத்திரை வந்தது. பழுதுபார்ப்பது எப்படி என்று ஒரு பட்டியல். ரஜிமோள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தட்டினான். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு என்று ஒன்று இருந்தது. தட்டினான். முடியவில்லை என்றது. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொன்று.

"அதைப் போடுங்க. எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. இனிமே மட்டும் எதையும் தொடாதீங்க."

"இப்பத் தொடக்கூடாதா?"

"இப்பத் தொடக்கூடாது."

அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சதவீதம்கூட இல்லாமல் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. நாற்காலிகள் நிறைந்தன. ஆறே முக்காலுக்குப் பின்வரிசையில் பொறுமையிழந்து கூவ ஆரம்பித்தார்கள்.

ராஜா வேஷத்தில், கிரீடத்தைக் கையில் பிடித்தபடி ராமபத்ரன் வந்தார். காலிப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, இன்னும் பத்தே நிமிஷம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

"சசி, இதுக்குக் காரணம் நான்தான்."

"என்னது?"

"அஷ்டமி அன்னைக்குப் பூஜை அறையப் பூட்டப் போனேன். பட்டுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. உள்ளே ஏதோ முனகிட்டே இருந்துது. பூஜையில வெச்ச ஆயுதம் வேலை செய்யக்கூடாதில்லையா? குழுவுக்கு ஆகாதேன்னு துணிய விலக்கி, அணையுற வரைக்கும் அந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். அந்தப் பொண்ணு கேட்டப்பத்தான் எனக்கே உறைச்சுது."

சசாங்கனுக்கு முகமெல்லாம் கொதித்தது. காலையிலிருந்து தன்னையே தின்றுகொண்டிருந்தானே.

"மூணரை மணிக்குத் தெரிஞ்சுதுல்ல? இப்ப மணி ஏழு. நான் சாமி மேல சத்தியம் பண்ணும்போது பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். வெக்கமா இருந்துது."

அப்போது லேப்டாப் திரை கறுத்தது. சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. ராமபத்ரன் தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இந்தத் தடவை முப்பது வரவில்லை. சசாங்கனுடைய பழைய படகுப் படம் வந்தது, அதன் மேல் வரிசையாக அவன் கோப்புகள். எண்ணிப் பார்த்தான். அறுபத்திநாலும் இருந்தன.

"போடு போடு, ஆரம்பிக்கலாம்" என்று ராமபத்ரன் எழுந்தார்.

"முதல்ல பென் டிரைவ்ல ஏத்துவேன். அஞ்சு நிமிஷம் ஆகும்."

"ஜனங்க கூவுறாங்கடா."

"கூவட்டும். ஏன் லேட்டுன்னு அண்ணனே போய் மைக்ல சொல்லுங்க."

அவர் கிரீடத்தை மேசையில் வைத்துவிட்டு மேடைத் திரைக்கு முன்னால் போனார். சசாங்கன் மைக்கைத் திறந்துவிட்டான்.

"பெரியோர்களே, மன்னிக்கணும். முக்கால் மணி நேரம் தாமதமாயிடுச்சு. இதுக்குக் காரணம் எங்க சசாங்கன் இல்ல. பூஜைக்கு வெச்ச மெஷினைத் தெரியாம நிறுத்தினது நான், ராமபத்ரன். காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி குடிக்காம அதைச் சரிபண்ணினது அவன். அவன் இருக்கிற வரைக்கும் தீபாங்குரத்துக்கு வேற சத்தக்காரன் கிடையாது."

கூவல் நின்றது. முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கோப்புகள் ஏறி முடிந்திருந்தன. சசாங்கன் பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அடுத்த மணியோடு நாடகம் ஆரம்பம்" என்றார் ராமபத்ரன்.

சசாங்கன் மணியை அடித்தான்.