இன்னொரு இடத்தில் திறந்திருக்கிறது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கடை வைத்திருக்கும் வேல்ராஜுக்கு, லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவரை ஒரு பாட்டம் திட்டியாக வேண்டும். ஹஸ்னா பானுவையும் அவன் விடவில்லை.

"ஆபீஸ் சாப்ட்வேர் ஓடலைன்னா சி.டி. வேணும்க்கா. வெறுங்கையோட வந்து நின்னா நான் என்னத்த வச்சு சரி பண்ண?"

"சி.டி.யே தரல தம்பி. வாங்கும்போதே உள்ள போட்டுத்தான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரங்க துபாய்ல வாங்குனது."

"அப்ப அவங்களுக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க."

"மவுத்தாயிட்டாங்க."

வேல்ராஜ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தான்.

புருஷன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து ஹஸ்னா வெளியே வந்த முதல் நாள் அது. சொந்த ஊரான கடையநல்லூரிலேயே ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால் ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தே அவளைச் சாகடித்திருப்பார்கள். இங்கே ஒரு விசைத்தறிச் சேலைக் கம்பெனியில் பில் கணக்கு எழுதும் வேலை சொல்லியிருந்தார்கள். நாளைக் காலையில் சாப்ட்வேர் ஓடுகிற லேப்டாப்போடு போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். மகளையும் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுச் சோற்றிலேயே காலம் தள்ள அவள் தயாராக இல்லை.

"சி.டி. இல்லாட்டியும் வழி இருக்குக்கா." வேல்ராஜின் குரல் இறங்கியிருந்தது. "இப்படிப் போட்டு வார மிசின்ல உள்ளயே ஒரு காப்பிய ஒளிச்சு வச்சிருப்பான். அதை வச்சே ரிப்பேர் பண்ணச் சொல்லிப் பாக்கேன்."

ரிப்பேர் ஆடி அசைந்து ஓடி முடிந்தது. பிறகு, வாங்கியவரின் பாஸ்வேர்டைக் கேட்டது. ஹஸ்னாவுக்குத் தெரியும், சொன்னாள். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த மென்பொருள் இன்னொரு இடத்தில் திறந்திருக்கிறதாம். அங்கே மூடினால்தான் இங்கே ஓடுமாம்.

"அவங்களும் தனியா ஒரு லேப்டாப் வச்சிருந்தாங்களா? அது இப்ப யார்ட்டக்கா இருக்கு?"

"எங்க பீரோ மேல கெடக்கு. சாமானோட கம்பெனில அனுப்பி வச்சாங்க. திரை நொறுங்கிப்போச்சு, பேட்டரியும் இல்ல."

வேல்ராஜ் எதையோ தட்டினான். சாப்ட்வேர் பூட்டிக் கிடந்தாலும், கடைசியாகத் திறந்த, ரெண்டு பேர் சேர்ந்து எழுதுகிற பக்கம் மட்டும் விரிந்தது. ஓர் எழுத்துக்கூட இல்லாத வெள்ளைப் பக்கம். அதில் ஹஸ்னாவின் கர்சர் மேலே துடித்தது. கொஞ்சம் கீழே பச்சையாக இன்னொன்று துடித்தது. அதன் தலையில் சின்னக் கொடிபோல அவள் புருஷனின் பெயர்: செய்யது மசூது.

ஹஸ்னா நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டாள். துபாயில் வீடியோ கால் போகாது என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் இந்தப் பக்கத்தில்தான் எழுதி எழுதிப் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்ததும் மசூது கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவார். மொத்தமாக அழிக்கத் தெரியாத ஆள் இல்லை. அழிக்கிற சாக்கில் இன்னொரு தடவை படித்துக்கொள்வாராம்.

"எவனோ பாஸ்வேர்டக் களவாண்டிருக்கான்க்கா. இந்தப் பட்டன அமுக்குனா வெளிய போயிருவான். அமுக்கட்டா?"

"பொறு தம்பி."

அவள் 'யாரு?' என்று அடித்தாள். பச்சைக் கர்சர் மெல்ல மேலேறி வந்து அதன் பக்கத்தில் நின்றது. கேள்விக்குறி போயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்தாக மற்றதும் போயிற்று.

டீ வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டு வேல்ராஜ் எழுந்து போனான். பட்டப்பகலில், பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிற கடையில் அவனால் உட்கார முடியவில்லை. பயம் ஹஸ்னாவுக்கும் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

'மச்சான்' என்று அடித்தாள். அழிந்தது. 'பாப்பா ஸ்கூலுக்குப் போறா' என்றாள். அழிந்தது. 'அங்கேயே அடக்கிட்டாங்க, உங்க முகத்தைப் பாக்க முடியலை' என்று அடித்தபோது கர்சர் வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகுதான் அழிக்கத் தொடங்கியது, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தி.

வேல்ராஜ் டீயோடு வந்து வாசலிலேயே நின்றான். "பக்கம் தொறந்தாலும் சாப்ட்வேர் ரெண்டு எடத்துல ஓடாதுக்கா. ஒண்ணு நீங்க இருக்கணும், இல்லன்னா அவங்க இருக்கணும்."

களவாண்ட 'அவன்' எப்போது 'அவங்க' ஆனான் என்று அவனுக்கே தெரியாது.

பட்டன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அமுக்க மனசு வரவில்லை. கடைசியில் பக்கத்திலேயே எழுதினாள்: 'நாளைக்கு வேலைல சேரணும். இது எனக்கு வேணும். எடுத்துக்கிடட்டா?'

இந்தத் தடவை எதுவும் அழியவில்லை. பச்சைக் கர்சர் வரியின் கடைசியில் வந்து நின்றது.

"அழிங்க மச்சான்," என்று முணுமுணுத்தாள். "முடியாதுன்னு அழிச்சிருங்க."

கொடி அணைந்தது. கர்சரும் போய்விட்டது. இப்போது நீங்கள் பயன்படுத்தலாம் என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"சரியாயிட்டுக்கா," என்றான் வேல்ராஜ், சத்தமே வராமல்.

உயிரோடிருந்த நாளில் மசூது அவள் கேட்ட எதையும் இல்லையென்று சொன்னதில்லை. அது தெரிந்தும் ஏன் கேட்டோம் என்று ஹஸ்னா, அந்நியக் கடை என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள்.