பச்சை அட்டை

யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. வகுப்பறையில் விளக்கில்லை. கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு அடியில் என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு குச்சி மிட்டாய். மிட்டாய் இருக்கிற வாய் பேசாது என்பதற்காகப் பள்ளி திறக்கிற ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு டப்பா வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். அதன் பக்கத்தில், வீட்டுப் பூனைகள் கழிக்கப் போடுகிற மணல் நிரப்பிய வாளி. மணிக்கணக்கில் அடைந்து கிடக்க நேர்ந்தால் பிள்ளைகளுக்கு அதுதான் கழிப்பறை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒஹாயோவின் இந்தச் சின்ன ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அலமாரியில் வண்ணக் காகிதங்கள் வைத்திருந்தேன்.

"மிஸ், நான்தான் மேவ். பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன்."

மேவ் ஓடெல் என் பதினெட்டாவது பிள்ளை. ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். அவள் கேட்டுக்கொண்டு வெளியே போய் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் ஹார்லனின் குரல் வந்தது. "பூட்டுங்க. விளக்கை அணைங்க. கண்ணுல படாம இருங்க." வழக்கமாக முதலில் "இது பயிற்சி" என்பார். அன்று அதைச் சொல்லவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்புதான் பக்கத்து மாவட்டத்து மளிகைக் கடை ஒன்றில் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான்.

பூட்டிய கதவை யாருக்கும் திறக்கக் கூடாது. பிள்ளையின் குரல் கேட்டாலும் கூடாது, அதன் முதுகுக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று நமக்குத் தெரியாது. இப்படி எழுதிய தாளில் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவள் நான். போடும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

"மிஸ், அது மேவ் மிஸ். நம்ம மேவ்." முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மிட்டாயை எடுத்துவிட்டுக் கிசுகிசுத்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். கை கதவின் கைப்பிடி வரை போனது, திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கொடுமை. ஒவ்வொரு கதவருகிலும் ஒரு காகித உறையில் இரண்டு அட்டைகள் இருக்கும். உள்ளே எல்லாரும் பத்திரம் என்றால் பச்சை, யாருக்காவது அடிபட்டாலோ ஆள் குறைந்தாலோ சிவப்பு. வெளியே வருகிற போலீஸ்காரருக்குத் தெரிவதற்காகக் கதவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். பதினோரு வருடப் பயிற்சியில் நான் சிவப்பைத் தொட்டதே இல்லை. கை தானாகப் பச்சையை எடுத்தது. குனிந்து தள்ளினேன். வெளியே தட்டுவது நின்றுவிட்டது.

நான்கு நிமிடம் கழித்து ஹார்லன் சாவி போட்டுத் திறந்தார். அவர் பின்னால், பள்ளிகளின் பாதுகாப்பைச் சோதிக்க வாஷிங்டனிலிருந்து வந்திருந்த கோவாக் என்ற அதிகாரி, கையில் நொடி எண்ணும் கடிகாரத்தோடு நின்றார். சுவரை ஒட்டி மேவ் நின்றிருந்தாள். பச்சை அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். கால்சட்டை நனைந்திருந்தது. நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவள் வரவில்லை.

அன்று மாலை நூலகத்தில் காபியும் டோனட்டும் வைத்துக் கூட்டம் போட்டார்கள். கோவாக் முன்னாள் ராணுவக்காரர், உட்காரும்போதும் விறைப்பாகவே உட்காருவார்.

"இதெல்லாம் இனிமே ஸ்கூல் பிரச்சினை இல்ல, நாட்டுப் பாதுகாப்புப் பிரச்சினை. எல்லை எங்கயோ இருக்குன்னு நெனைக்காதீங்க. உங்க வகுப்புக் கதவுதான் எல்லை."

"எலி ஓடற இந்த எல்லையில ஒரு பொறியாச்சும் வைப்பாங்களான்னு கேளு லோர்னா," என்று நான்காம் வகுப்பு ஆசிரியை டாட்டி என் காதருகில் முனகினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிஸ் ப்ரூயிட்டைப் பாருங்க," என்று கோவாக் என்னைக் காட்டினார். "வெளிய சொந்த வகுப்புக் குழந்தை. நாங்க ஏற்பாடு பண்ணல, தானா அமைஞ்சுது. அப்பவும் தெறக்கல. இதுதான் வேணும்." எல்லாரும் கை தட்டினார்கள்.

"பயிற்சின்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நடிப்பீங்க, மேடம்." பிறகு தாளைப் புரட்டினார். "ஆனா ஒண்ணு. உள்ள பதினேழு பேர்தான், சிவப்பு குடுத்திருக்கணும். அதுக்கு அரை மார்க் குறைச்சிருக்கேன். அடுத்த வாரம் மறுபடி வருவேன். முழு மார்க் வாங்கினா உங்க ஸ்கூலுக்குப் புதுக் கதவு வரும். குண்டு துளைக்காத கதவு."

அந்தக் குழந்தை நான்கு நிமிடம் அங்கே நின்றதற்கு ஆன விலை அரை மார்க். அந்த டோனட்டை அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். தின்றேன்.

மறுநாள் காலையில் மேவின் அம்மா ரோண்டா வந்தாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறவள், வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். இருபது வருடத்துக்கு முன் இதே அறையில் என்னிடம் படித்தவள்.

"உண்மையிலேயே துப்பாக்கியோட ஒருத்தன் வந்திருந்தா தெறந்திருப்பீங்களா, மிஸ்?"

"உள்ள பதினேழு பேர் இருந்தாங்க, ரோண்டா."

"கணக்கு கேக்கல. தெறந்திருப்பீங்களா?"

நான் கதவின் கைப்பிடியைப் பார்த்தேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"திட்டத்தான் வந்தேன். திட்ட முடியல. நான் அந்தப் பதினேழுல ஒருத்தியோட அம்மாவா இருந்தா, தெறக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா நேத்து கார்ல வரும்போது அவ என்ன கேட்டா தெரியுமா? பச்சைன்னா எல்லாரும் பத்திரம்னு மிஸ் சொல்லிக் குடுத்தாங்கம்மா, அப்ப நான் அந்த எல்லார்ல இல்லையான்னு. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, நீங்கதானே டீச்சர்."

அதன் பிறகு மேவ் பள்ளியில் பால் குடிப்பதில்லை, தண்ணீரும் தொடுவதில்லை. குடித்தால் வெளியே போக வேண்டி வரும் அல்லவா. நான் கூட வருகிறேன் என்றேன். "வேணாம் மிஸ்," என்றாள், மரியாதையாக. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, விழுந்த பல்லின் கதையைச் சொல்லுகிறவள்.

அடுத்த வார வியாழக்கிழமை கோவாக் வந்தார். இந்த முறை இது பயிற்சி என்று ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொன்னார்கள். பூட்டினேன், விளக்கை அணைத்தேன், மிட்டாய் கொடுத்தேன். எண்ணினேன், பதினெட்டு. மறுபடி எண்ணினேன், பதினெட்டுதான். தொண்ணூறு நொடிக்குள் அட்டை வெளியே வர வேண்டும் என்பது கோவாக்கின் கணக்கு. உறைக்குள் கையை விட்டேன். சிவப்பு மட்டும்தான் இருந்தது. இந்தப் பத்து நாளும் நான் அந்த உறையை எட்டிப் பார்க்கவே இல்லை.

கொக்கிகளுக்கு அடியிலிருந்து மேவ் எழுந்து வந்தாள். ஸ்வெட்டருக்குள்ளிருந்து பச்சை அட்டையை எடுத்தாள். மூலை மடங்கி, வியர்வையில் நைந்து போயிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கதவருகே போய்க் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, கதவிடுக்கு வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

"மேவ்," என்றேன் மெதுவாக. "தள்ளிடும்மா."

"இருங்க மிஸ். யாராச்சும் வெளிய நிக்கிறாங்களான்னு பாக்கறேன்."

தொலைவில் கோவாக்கின் காலணிச் சத்தம் ஒவ்வொரு கதவாக நின்று நின்று வந்தது. தொண்ணூறு நொடி எப்போதோ கடந்திருக்கும். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கால்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.