அப்துல் கையூமோடு நின்றுபோன வரி

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு ஜமாஅத்திலிருந்து ரஃபியாவின் போனுக்கு மௌத் செய்தி வந்தது. 'அப்துல் கையூம். அஸருக்குப் பின் நல்லடக்கம்.' அது அவளைப் பெற்ற அத்தாவின் பெயர். அத்தாவோ கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்!

ஜமாஅத் எழுத்தர் ஆசாத்தைப் போனில் பிடித்து ரஃபியா கிழி கிழியென்று கிழித்தாள்.

"நான் ஒண்ணும் ஏத்தலம்மா, சத்தியமா. தானா வந்து உக்காந்திருக்கு. அழிச்சா திரும்ப வருது. போன மாசம் ரெண்டு தடவை இப்பிடித்தான் உசுரோட இருக்கவுக பேரு வந்துச்சு. அன்னைக்கே அந்தந்த வீட்ல ஒரு மௌத்து விழுந்துச்சு."

ஜமாஅத்துக்கு இந்தச் செய்திகளை அனுப்பும் டேட்டாபேஸைப் போட்டுக்கொடுத்தவள் ரஃபியாதான். கட்டளைகளைப் படிக்கும் அதன் நிரலும் வேலைபார்க்கும் கம்பெனியில் அவள் எழுதியதே. எங்கோ தப்பு இருக்கிறது, அதைச் சரிசெய்தால் அத்தாவின் பெயர் போய்விடும். பேய்க்கதையை நம்ப அவள் என்ன பச்சைப்பிள்ளையா?

தேடினாள். அரைப்புள்ளியைக் கண்டால் கட்டளை முடிந்தது என்று அந்த நிரல் நிறுத்திவிடுகிறது. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் அரைப்புள்ளியையும் விடுவதில்லை, மிச்சத்தைத் தூக்கியெறிந்துவிடுகிறது. ஜமாஅத் பதிவில் பெண்களுக்குத் தனி வரி கிடையாது. வீட்டு ஆம்பிளை பெயர், அரைப்புள்ளி, அதற்கப்புறம்தான் பெண் பெயர்.

"அட சே, இம்புட்டுத்தானா!"

அரை மணி நேரத்தில் திருத்திவிட்டாள். சோதித்துப் பார்க்கப் போன மாதத்து வரிகள் இரண்டையும் ஓடவிட்டாள். 'அப்துல் ஹாதி; மகள் இஃப்பத்.' 'சாகுல் ஹமீது; மனைவி நர்கீஸ்.' அந்த இரண்டு பெண்களின் மையத்து வீட்டுக்கும் அவளே துக்கம் கேட்கப் போய் வந்திருந்தாள். யாருமே ஏற்றாத வரிகள் எப்படி இவ்வளவு சரியாக இருக்கும்?

அப்படியானால் அத்தாவுக்கு ஒன்றுமில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் அத்தாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இன்று வந்த மூன்றாவது வரியை ஓடவிட்டாள்.

'அப்துல் கையூம்; மகள் ரஃபியா.'

பள்ளிவாசல் மைக் கரகரத்தது. அறிவிப்பு இந்த முறை அத்தாவின் பெயரோடு நிற்கவில்லை.

"ஏம்மா," கூடத்திலிருந்து அத்தா பதறிக் கூப்பிட்டார், "யாரு பேரச் சொல்றாய்ங்க?"

பதில் சொல்ல ரஃபியா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.