எஸ்றா ஆமென் சொல்லாத பயணம்

1974ஆம் ஆண்டு ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் கிளம்பிய செங்கோட்டை பாசஞ்சர், எஸ்றா ஆமென் சொல்லாத காரணத்தால் இருபத்தொரு நாள் ஓடி, அன்று மத்தியானமே தென்காசி போய்ச் சேர்ந்தது. தாமதம் எதுவும் பதிவாகவில்லை. எஸ்றா தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா, சொந்த ஊர் நாசரேத். வண்டி நகர்ந்ததும் குடும்பத்தோடு ஜெபிப்பது அவர் வழக்கம். ஆமென் காதில் விழும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. உப்புக் கப்பலுக்காக நான்கு நாள் சேர்ந்தாற்போல் விழித்திருந்த மனுஷன், வியாதிக்காரர்கள், உபதேசியார், மழை எல்லாவற்றுக்கும் வேண்டிவிட்டு, “இந்தப் பயணத்தை உம்முடைய கையில்” என்கிற இடத்தில் தூங்கிப்போனார். முடித்துவைக்க ஆளில்லாமல் பயணம் முடியாமலே நீண்டது. மகள்கள் ஜெபகனியும் பிளாரன்ஸும் தூங்கினார்கள். மரியாதைக்காகக் கண்ணை மூடிய விளாத்திகுளத்து மிளகாய் வியாபாரி மந்திரமூர்த்தியும் தூங்கினார்.

எஸ்றாவின் மனைவி ஜீவமணி டீச்சர் மட்டும் கண்ணைத் திறந்தாள். ஜெபத்தில் கண் திறக்கும் பிள்ளைகளைக் கிள்ளுகிறவள் என்பதால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வெளியே நனைந்த வயல், ஆறு, மேகம் இறங்கிய மலை. அம்பாசமுத்திரம் தாண்டியும் தென்காசி வரவே இல்லை. பொழுது அடைந்து பொழுது விடிந்தது. யாருக்கும் பசிக்கவில்லை, தூக்குவாளியில் இட்லியும் கெடவில்லை. தான் ஆமென் சொன்னால் வண்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தென்காசியில் எஸ்றாவின் அக்கா வீடு. குற்றாலத்தில் குளிக்கப் போவதாகத்தான் பேர். போனால் பதினொரு பேருக்கு மாவாட்ட வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் சும்மா உட்கார்ந்ததில்லை. அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் மலையைப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க அழுதாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஒன்பது நாள் தூங்கினாள். மிச்ச நாள் காலை நீட்டிச் சும்மா இருந்தாள். கடைசியில் பிள்ளைகளின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்ததால் சொல்லிவிட்டாள். எஸ்றா விழித்தார்.

“ஏளா, நான் ஆமென் சொன்னேனா?”

“நான் சொல்லிட்டேன்.”

அவள் விரல்களில் மட்டும் நகம் வளர்ந்திருந்ததை அவர் பார்த்தார். தென்காசியில் இறங்கி அவள் பதினொரு பேருக்கும் மாவாட்டினாள்.

அடுத்த ஐப்பசியில் எஸ்றா அதே இடத்தில் வேண்டுமென்றே ஜெபத்தை நிறுத்தினார். “மிச்சத்த நீ சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல,” என்றார் கண்ணைத் திறக்காமலே. அந்தத் தடவை நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். 76இல் எட்டு மாதம், 77இல் ஒரு வருஷம். தலை நரைத்தது. ஓய்வுக்கு வயதைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது, தெரிந்தேதான் கொடுத்தாள். எஸ்றாவுக்குச் சரியாக இரண்டு வயது இளையவளாக வாழ்க்கைப்பட்டவள், இப்போது அவரைவிட இருபத்தொரு நாள் மூத்தவளாகிவிட்டாள். விஷயத்தைக் கேட்ட சபைப் பாதிரியாரான ஐயரும் பதிவேட்டில் அவள் வயதைத் திருத்தி எழுதிவிட்டார்.

அதன் பிறகு எஸ்றா அவளை ஏளா என்று கூப்பிடவில்லை. மூத்தவர்களை அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. மூத்தவர்களிடம் காப்பி கேட்பதும் மரியாதை இல்லை என்பதால், காலையில் அவரே அடுப்பைப் பற்றவைத்துப் போட்டுக் கொண்டுவந்து, “குடிங்க,” என்றார். ஜீவமணி டீச்சர் எழுந்திருக்காமலே வாங்கிக்கொண்டாள்.