டாட்டா காட்டப் பழக்கியது

அம்மா கண்ணை விட்டு மறைந்தால் போதும், பூசணி ஊரைக் கூட்டிவிடுவான். பத்து மாதக் குழந்தைக்கு அவ்வளவு தொண்டை எங்கிருந்து வந்தது என்று அவன் அப்பாவுக்கு விளங்கவே இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற ஆள். அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது.

அம்மா நர்ஸ். வேலை பார்த்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்து கிடைத்த வேலை வெளிநாட்டில். இரண்டு வருடத்துக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. கிளம்புவதற்குள் பூசணியைப் பழக்கியாக வேண்டும்.

"சொல்லாம நழுவாதீங்க. டாட்டா காட்டிட்டுப் போங்க, சொன்ன மாதிரி திரும்பி வாங்க. போனா வருவாங்கன்னு புரிஞ்சிட்டா பயம் தானா குறையும்" என்றார் குழந்தைகள் டாக்டர். நியாயமான பேச்சு. ஆனால் அம்மா எவ்வளவு தூரம் போகப்போகிறாள் என்பதை மட்டும் இருவரும் அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் போகாதே என்பாரோ என்று பயம்.

அப்பா வேலையை ஆரம்பித்தார். முதலில் குளியலறைக் கதவு. அம்மா கையாட்டிவிட்டு உள்ளே போவாள்; பூசணி வீறிட்டு அடுத்த மூச்சு வாங்குவதற்குள் வெளியே வந்துவிடுவாள். பிறகு வாசல் கதவு. அப்புறம் மாடிப்படி, தெருமுனைக் கடை. மெல்ல மெல்ல அழுகை சிணுங்கலானது, சிணுங்கலும் நின்றது. அம்மா கையாட்டினால் அவனும் ஆட்டிவிட்டு, கதவைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்துகொள்வான். அவள் திரும்பி வந்ததும், என்னவோ தானே வரவழைத்த மாதிரி கைதட்டுவான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டி கீழே டாக்ஸியில் ஏறிவிட்டது. அம்மா வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு டாட்டா வேணாங்க. அவன் தூங்கினதும் போயிடறேன்."

"இவ்வளவு பழக்கிட்டு இப்ப நழுவினா எல்லாம் பாழ். எப்பவும் போல காட்டு."

"எப்பவும் போல திரும்பி வரமாட்டேனே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுது" என்றார்.

அவள் சிரித்த முகமாகக் கையாட்டினாள். பூசணியும் ஆட்டினான். கதவு மூடியது. அவன் அழவே இல்லை, கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ஊட்டிய கஞ்சியைக் கதவைப் பார்த்தபடியே விழுங்கினான். படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கினான். சத்தம் மேல்மாடிக்குப் போனதும் இறக்கிக்கொண்டான். இருட்டியபின் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிப்போனான். அப்பா அவனைத் தூக்கவும் துணிவில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

லீவு முடிந்து அவர் வேலைக்குக் கிளம்பிய அன்று பூசணி மேல்வீட்டு அக்கா இடுப்பில் இருந்தான். "அப்பா போயிட்டு வரேன்டா" என்று கையைத் தூக்கினார்.

பூசணி பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான். ஆட்ட விடவே இல்லை. அலறிய அலறலில் முகம் கறுத்துவிட்டது.

"நான் ஜன்னல்ல காக்கா காட்டுறேன் தம்பி. அவன் அங்க திரும்பினதும் நழுவிடுங்க" என்றாள் அக்கா.

அப்பா நழுவினார். படியிறங்கி முடிப்பதற்குள் மேலே அழுகை தொடங்கிவிட்டது. காரணம் அவருக்குத் தெரியும். சரிசெய்யத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோவில் வருவாள். பேச்சு முடிகிற நேரம் அவள் கை மேலே எழும். அது முழுதாக எழுவதற்குள் அப்பா போனைத் துண்டித்துவிடுவார்.

"ஏங்க, டாட்டா காட்டறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் கட்டாயிடுதே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இங்க சிக்னல் சரியில்ல."

"அவன் டாட்டாவை மறந்துடப் போறான். விட்டுடாம பழக்குங்க, என்ன?"

"பழக்கறேன்" என்றார் அப்பா. திரையில் அவள் கை அசையத் தொடங்கியது. துண்டித்தார்.