சுவரில் ஒட்டிய பதினொரு பேர்

1

இந்தக் கதை ஒரு குங்குமக் கறையிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கறை இருப்பது செல்லையாவின் படத்தில். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே உழைத்து ஓய்ந்த எண்பது வயதுக்காரர் அவர். படத்தில் பதினொரு ஆண்கள் லாரியின் முன் நிற்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஒருவரும் திரும்பவில்லை. இடமிருந்து மூன்றாவது ஆள் செல்லையாவின் அப்பா தங்கையா. அவருக்கு மட்டும் முகம் இல்லை. கண்ணாடி போட வக்கில்லாத வீட்டின் படம் அது. செல்லையாவின் அம்மா வேலாயி தினமும் தாளின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். செல்லையாவுக்கு நினைவு தெரியும் முன்பே நெற்றி போயிற்று, கண் போயிற்று, கடைசியில் மீசையும் போயிற்று.

மலை மேலுள்ள தானா ராத்தா ஊரில், சலீம் கடையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது செல்லையா சொன்னார்: "பதினோரு வீட்டுக்கும் ஆளுக்கொரு படம் கொடுத்தாங்களாம். மத்த பத்து பேரு மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். எங்கப்பா மூஞ்சிதான் தெரியாது. இதே படம் அப்ப பேப்பர்லயும் வந்துச்சாம். நீங்க பழைய பேப்பர்லாம் பாக்குறவரு. ஒரு தடவ பாத்துட்டா போதும்லா."

2

(முதல் தொடக்கம்: "மலையெங்கும் பனி கவிந்திருந்த ஒரு காலையில்..." இந்த மலையில் எந்தக் காலையில்தான் பனி இல்லை? அடித்துவிட்டேன்.)

(இரண்டாவது: "வேலாயி அழு..." அவள் அழுததாகச் செல்லையா சொல்லவில்லை. எனக்கென்ன உரிமை?)

அவர் சொன்னதையே எழுதுகிறேன். லாரி புறப்பட்டுப் போன அந்த மாதம் கைக்குழந்தை செல்லையாவுக்கு இருமல். தொழிலாளர் குடியிருந்த லயத்தின் பலகை இடுக்கு வழியாகப் பனி வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்ளும். இங்கே குளிருக்குச் சுவரில் செய்தித்தாள் ஒட்டுவார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பழைய தாள்கள்* கொடுத்தார். பசைக்கு மரவள்ளி மாவு வேண்டும். அரிசி கண்ணில் படாத காலத்தில் அதுதான் சாப்பாடும். வேலாயி ஒருவேளைச் சாப்பாட்டைச் சுவருக்குப் பூசினாள். குழந்தை தூங்கியது, அவள் பட்டினி கிடந்தாள்.

* அந்தத் தாள்களில் ஆண்டு 2603 என்றிருக்கும். ஜப்பான்காரன் கணக்கு. நமக்கு 1943.

3

ஆறு மாதம் தேடினேன். பாதி நாள்களின் தாள்களே இல்லை; இருந்தவற்றில் அந்தப் படம் இல்லை. ஏதாவது ஒரு முகத்தைக் காட்டி இவர்தான் உங்கள் அப்பா என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் கதை எழுதினேன். கிடைக்காத தாளை வேலாயியின் சுவரில் நானே ஒட்டிவைத்தேன். இனி வருவது என் கற்பனை. அந்த லயத்தை இடித்து வெகுகாலம் ஆகிறது.

4

கதையில் லயம் இன்னும் நிற்கிறது. திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். செல்லையா கெட்டிலின் ஆவியைச் சுவருக்குக் காட்டுகிறார். தாள்கள் அடுக்கடுக்காக உரிகின்றன. சோப்பு விளம்பரம், தேர்தல், சுதந்திரம். ஆவி எது, பனி எது என்று தெரியவில்லை. இருமல் சத்தம் கேட்டுத் திரும்புகிறார். பாயில் யாரும் இல்லை. இருமியது அவர்தான்.

கடைசி அடுக்கில் 2603. ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார். "மனமுவந்து சயாம் செல்லும் மலைத் தோட்டத் தொழிலாளர்." கீழே லாரியின் மூக்கு. முதல் ஆள். இரண்டாவது ஆள்.

எழுதப் படிக்கத் தெரியாத வேலாயி, அரையிருட்டில் படமிருந்த பக்கத்திலேயே பசையைத் தடவியிருக்கிறாள்.

"எங்கம்மா கை எப்படியும் அவரு மூஞ்சிக்குத்தான் போயிருக்கு," என்கிறார் செல்லையா.

5

முடிவு (அ): முகம் பளிச்சென்று வருகிறது. செல்லையாவின் மூக்கு அப்படியே.

முடிவு (ஆ): முகம் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. தாளில் ஓட்டை.

இரண்டையும் சலீம் கடையில் வாசித்துக் காட்டினேன். செல்லையா கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது ஆளோட நிறுத்திருங்க. மூஞ்சிய நீங்க எழுதிட்டீங்கன்னா, நான் செத்து அங்க போயி உங்க ஆளத்தான் அப்பான்னு கூப்பிடுவேன்."

நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஒன்று. மற்ற பத்து வீட்டுப் பெண்களும் வேலாயியைப் போலத்தானே பொட்டு வைத்திருப்பார்கள்? அவரவர் படத்தில் அவரவர் ஆள்தான் அழிந்திருப்பான். போருக்குப் பின் அந்தக் குடும்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும், லாரியின் முன் பதினொரு பேர் நிற்கும் படம் இருக்கலாம். இருந்தால் இடமிருந்து மூன்றாவது ஆளைப் பாருங்கள். படத்தை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்கு வாருங்கள். காலையில் செல்லையா சலீம் கடையில் இருப்பார். உங்கள் ஆளின் முகம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.